தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்த பயம்

என் மகள் முதல்முறையாக ஒரு மனித வயிற்றுக்குள் கை வைத்ததைப் பற்றிச் சொன்னபோது நான் சமையற்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. மருத்துவமனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"உள்ள சூடா இருக்குதும்மா," என்றாள். "கிளவுஸ் போட்டுக்கினு இருந்தாலும் தெரியுது. குடல் சும்மாவே இருக்காது. தொட்டா மெதுவா நகரும். தூங்கற கொழந்த பொரண்டு படுக்குமே, அந்த மாதிரி."

உரித்த வெங்காயத்தையே நான் மறுபடி உரித்தேன். ஊசி போட்டுக்கொள்ளும்போதுகூட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறவள் நான். எனக்குப் பிறந்தது, அடுத்தவர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சாவகாசமாகக் காபி கேட்கிறது. இவளைப் பெற்றது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பாவின் தறியில் கரைப்பக்கம் உட்கார ஆள் வேண்டியிருந்தது. கோர்வைப் புடவை ஒருவராக நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெசவாளி தறிக்குக் கீழே தோண்டிய குழியில் உட்கார்ந்து, குறுக்கு நூல் சுற்றிய நாடாவை உடலுக்கு ஓட்டுவார். வலப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா போட வேண்டும். இரண்டு நூலும் ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். மாட்டாவிட்டால் கரை தனியாகப் பிய்ந்து வந்துவிடும். கல்யாணமாகி ஐயம்பேட்டைக்கு வந்தேன். தறி மாறியது, நான் உட்காரும் பக்கம் மாறவில்லை.

பயம் எனக்குக் கூடப்பிறந்தது. பாலாற்றில் தண்ணீர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். சிலிண்டரை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவேன். அப்படிப்பட்டவளின் மகள் டாக்டருக்குப் படித்ததே பெரிது. அதற்கு மேல் படிக்க இடம் கிடைத்ததும், வெட்டித் தைக்கிற படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக அதை எடுத்தாள்.

என் நாத்தனார் வீட்டுக்கே வந்துவிட்டார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி அறுக்கற வேலை? கொழந்தைங்க டாக்டரா போனா இன்னா?"

"அத்தே, உங்க பித்தப்பையில கல்லு எடுத்தது யாரு? கொழந்தைங்க டாக்டரா?" என்று கேட்டாள் என் மகள்.

"அவரு ஆம்பளடி."

"கல்லு ஆம்பளயா பொம்பளயான்னு பாத்தா வந்துச்சு?"

நாத்தனார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தி, ரத்தம், யாராவது செத்துப்போய்விட்டால், சொந்தக்காரர்கள் அடிக்க வந்துவிட்டால் என்று என் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வருஷம் அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுப் பழகுவாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த நூலை எடுத்துத் தறிக்காலில் சுற்றி ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுவாள். "ஆபரேஷன்ல நாங்க கட்டறதுலயும் பட்டு நூல் இருக்குதும்மா, கருப்பா இருக்கும்," என்றாள். விரல் வளைவது தெரியும், நூல் திரும்புவது தெரியும், முடிச்சு விழுந்தது மட்டும் தெரியாது. மெதுவாகப் போடச் சொன்னேன். மெதுவாகப் போட்டாள். அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. ஆயிரக்கணக்கான இழைகளைப் புதுப் பாவோடு ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்த்த விரல்கள் என்னுடையவை. என் வீட்டுக்காரரோ முப்பது வருஷமாக நூலோடு புழங்குகிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடு," என்றார். அவள் போட்டாள். "இன்னொரு வாட்டி." அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது.

அந்த வருஷக் கடைசியில்தான் அவளுடைய யூனிட் சீஃப் எங்கள் வீட்டுக்கு வந்தார். யூனிட் சீஃப் என்றால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெரிய டாக்டர். யார் கையில் எந்த ஆபரேஷன் என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நெசவுக்காரர் வீட்டுப் பெண் தன்னிடம் படிக்கிறாள் என்று தெரிந்து, கடைக்குப் போகாமல் நேராகத் தறிக்கே வந்துவிட்டார். கூட அவர் மனைவி. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை என்று அந்த அம்மாள் நிறம் சொன்னார். என் மகள் அன்றைக்கு டியூட்டியில் இருந்தாள்.

முகூர்த்தப் புடவைக்குப் பாவு ஏற்றுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் தாம்பூலம் மாற்றிக்கொள்வோம். வெற்றிலை, பாக்கு, பூ, தேங்காய் வைத்த தட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது பேசுகிற பேச்சை இரண்டு பக்கமும் மாற்றக்கூடாது. இன்ன நாளில் புடவை தருகிறேன் என்று நாங்கள் சொல்வோம். இன்ன நாளில் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் நாள் சொல்லி முடித்தார். தட்டு பெரிய டாக்டர் கையிலிருந்து என் கைக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் கையும் தட்டில் இருக்கிறது. இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"சார், எம் பொண்ணு பயந்த புள்ள. கஷ்டமான வேலை எதையும் அது கையில உட்றாதீங்க. நீங்க பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்," என்றேன்.

பயந்த பிள்ளை அவள் இல்லை. நான்.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க பொண்ணு என் பொண்ணு மாதிரி. நான் பாத்துக்கறேன்," என்றார்.

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்கு நாள் நிறைய இருந்ததால் பாவு தாமதமாகத்தான் ஏறியது. புடவை வளர்ந்தது. இரண்டாம் வருஷம் பாதி போயிருக்கும். என் மகள் வருவதும் போவதுமாகத்தான் இருந்தாள், ஆனால் தறிக்காலில் புது முடிச்சு எதுவும் இல்லை. இதை முதலில் கவனித்தவர் என் வீட்டுக்காரர். "இன்னாமா, கை ஓஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

"கைக்கு வேலை இருந்தாத்தானேப்பா?"

நான் நாடாவை மடியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். செய்த ஒவ்வொரு ஆபரேஷனையும் அதில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். கூட நின்றது ஒரு பக்கம், தானே செய்தது ஒரு பக்கம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் நிரம்பியிருக்கிறது, எந்தப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது என்று பார்க்க இங்கிலீஷ் எதற்கு?

"என் கூடவே சேந்தான் ஒரு பையன்," என்றாள். "நல்லவன்தான். என் ஃபிரெண்டு. அவன் கையில கத்தியைக் கொடுத்துட்டு சார் வெளிய போயி டீ குடிக்கிறாரு. என் கையில கொடுத்தா தோள்பட்டையை ஒட்டி நிக்கிறாரு. நான் ஒரு நிமிஷம் யோசிச்சா, 'கொடும்மா, நான் பாத்துக்கறேன்'னு வாங்கிக்கறாரு. மிச்ச நேரமெல்லாம் வெட்டின எடத்தை விரிச்சுப் பிடிச்சுக்கினு நிக்கறேன்."

"திட்டறாரா?" என்றேன்.

"திட்டினா பரவாயில்லையே! அவனைக் கிழி கிழின்னு கிழிக்கிறாரு. 'ஏன்டா, இது முடிச்சா, முறுக்கா?'ன்னு கத்தறாரு. என்னைய ஒரு வார்த்தை சொல்றதில்ல. 'கால் வலிக்குதாம்மா, உக்காந்துக்க'ங்கறாரு. அடுத்த வருஷம் முடிஞ்சதும் ஏதோ ஒரு ஊரு ஆஸ்பத்திரியில என்னைத் தனியா நிறுத்துவாங்க. வயித்துவலின்னு ஒருத்தர் வந்து படுப்பாரு. அப்ப நான் யாரைக் கூப்பிடறது? விரிச்சுப் பிடிக்க மட்டும்தான் தெரியும்னு சொல்றதா?"

என் வீட்டுக்காரர் நூலை நெருக்குகிற பலகையை அடிக்காமல் நிறுத்தியிருந்தார்.

"போன வாரம் வாயத் தொறந்து கேட்டுட்டேன்," என்றாள். "'உங்க அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேம்மா'ன்னாரு. இன்னா வாக்கும்மா?"

நான் சொன்னேன். தட்டில் கை இருந்ததையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் அழுது முடித்திருப்பேன்.

"உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்," என்றாள். "எனக்கு முன்னாடி படிச்ச அக்காவுக்கும் இதேதான் நடந்துச்சு. அவங்க அம்மா யாருக்கும் பொடவை நெய்யல. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பையனோட அம்மா வந்து இப்படிச் சொல்லியிருந்தா, சார் கேட்டிருப்பாரா? சிரிச்சுட்டுப் போயிருப்பாரு."

அன்று மதியம் அவள் பஸ் ஏறிப் போனாள்.

புடவை வாங்க அவர்கள் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நான் கரை நாடா போட்டுக்கொண்டே பேசிப் பழகினேன். சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டும். வாங்கிவிட்டு, அவர் அவள் கையில் கத்தியைக் கொடுத்து, ஏதாவது ஆகிவிட்டால்? வாங்காவிட்டால், நாளைக்கு ஏதோ ஒரு ஊரில் தனியாக நிற்கும்போது ஆகிவிட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்.

"நீ ஒண்ணும் பேசாத," என்றார் என் வீட்டுக்காரர். "கல்யாண வீட்டுக்காரங்க. சந்தோஷமா வந்து வாங்கிக்கினு போவட்டும்."

"மொதல்ல பேசும்போது ஏன் தடுக்கல?"

"அப்ப எனக்கும் அது சரின்னுதானே பட்டுச்சு," என்றார். அவர் அப்படி ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

வந்தார்கள். பாயில் புடவையை விரித்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் மஞ்சள் அப்படியே எழுந்து நின்றது. டாக்டர் மனைவி கரையைத் தடவிப் பார்த்து, என் வீட்டுக்காரரிடம், "உங்க கைக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைங்க," என்றார். அவர் கும்பிட்டார். நான் தட்டை எடுத்து வந்தேன். பெரிய டாக்டர் கை நீட்டினார். தட்டை நான் விடவில்லை.

"சார், இந்தக் கரையில எங்கியாவது குத்தம் இருக்குதா, பாத்துச் சொல்லுங்க."

அவர் குனிந்து பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், ஒரு முழம், இரண்டு முழம் தள்ளித் தள்ளி. "ஒண்ணும் இல்லையேம்மா."

"இந்தக் கரை நான் போட்டது. பதிமூணு வயசுலேர்ந்து போடறேன். ஆனா இன்னி வரைக்கும் குழியில எறங்கி உக்காந்து ஒரு பொடவை நெய்ததில்ல சார். யாரும் வேணாம்னு சொல்லல. உக்காருன்னும் யாரும் சொல்லல. எங்க அப்பா ரொம்ப நல்லவரு. இவரும் நல்லவரு. நல்லவங்களாவே இருந்ததுனால எனக்குக் கேக்கவும் தோணல." நின்றுவிட்டால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும். "அன்னிக்குத் தட்டு மேல கை வெச்சு நான் கேட்டதை இன்னிக்கி நானே திருப்பி வாங்கிக்கறேன். எம் பொண்ணு பயந்த புள்ள இல்ல. அந்தப் பையனை எப்படி வெச்சிருக்கீங்களோ அப்படி வெச்சுக்கங்க."

டாக்டர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

"பயமாத்தான் இருக்குது. அது எங்கிட்டயே இருக்கட்டும் சார். அவளுக்கு எதுக்கு?"

பெரிய மனிதர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் நல்லதாக எதையாவது சொல்லி முடித்துவிடுவார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. "நீங்க கேக்காம இருந்திருந்தாலும் நான் அப்படித்தான் நடந்துக்கிட்டிருப்பேனோ என்னமோ," என்றார். "உங்க வார்த்தை எனக்கு வசதியாப் போச்சு. பொண்ணுங்க விஷயத்துல நான் நல்லது பண்றதாத்தான் நெனச்சுட்டிருந்தேன்." பிறகு தட்டை வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. போனில் கேட்டால், "பாக்கலாம்மா," என்பாள். நானும் தோண்டவில்லை. ஒரு புதன்கிழமை காலை, அவளுக்குத் துவைத்த துணியும் புளிச்சோறும் எடுத்துக்கொண்டு நானே கிளம்பிப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனுக்குக் குடலிறக்கம், உள்ளே போய் அரை மணி நேரம் ஆகிறது என்றாள். வராந்தாவின் கடைசி ஜன்னலோரம் பெரிய டாக்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் பேப்பர் கப்.

"பெரிய டாக்டரு இங்க நின்னுக்கினு டீ குடிக்கிறாரு," என்று அந்தப் பெண் என் காதில் சொன்னாள். "அப்ப உள்ள யாரு பண்றது?"

துடைப்பத்தோடு போன ஊழியர் அம்மாள், "லேடி டாக்டரு பண்ணுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"லேடி டாக்டருன்னா பிரசவம்தானே பாப்பாங்க? பொண்ணு கையில உட்டுட்டாங்களே! இன்னாக்கா இது?"

அந்த யூனிட்டில் பெண் என்று இருப்பது ஒருத்திதான். போய் அவர் கையைப் பிடித்து, "சார், உள்ள போங்க சார்," என்று சொல்ல என் காலே எழுந்துவிட்டது. எழுந்து நின்ற காலை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் நின்றிருந்த ஜன்னல் வரைக்கும் நடந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கப்பில் டீ நிரம்பியபடியே ஆடை கட்டியிருந்தது.

"உங்களால இன்னிக்கு எனக்கு டீ எறங்கலம்மா," என்றார்.

"எனக்கு எச்சிலே எறங்கல சார்."

அவர் இரண்டு அடி கதவுப்பக்கம் வைத்தார். நின்றார். திரும்பி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய டாக்டர், எத்தனை பேரைப் பிழைக்கவைத்தவரோ, ஒரு கதவைத் திறக்காமல் இருக்க இவ்வளவு பாடுபடுகிறார் என்பதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் முன்னைவிட மரியாதை வந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி வேகமாக வந்தாள். அவர் கப்பை ஜன்னலில் வைத்துவிட்டார். "என்ன, கூப்பிடறாளா?"

"இல்ல சார். ஹெர்னியாவுக்கு வைக்கற வலை, பெரிய சைஸ், ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டு வரச் சொன்னாங்க மேடம்."

"அப்ப எடுத்துட்டுப் போ. என் மூஞ்சிய ஏன் பாக்கற?"

மேடம் யார் என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்தபோது நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு மனிதன் திறந்து கிடக்கிறான். அவனுடைய சூடும் அசைவும் என் மகளின் இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கிறது. அது வேண்டும், இது வேண்டும் என்று அவள் கேட்கிறாள். கேட்டது ஓடி வருகிறது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. பாலில் கொஞ்சம் ஆடை இருந்தால்கூட வாந்தி எடுத்த பிள்ளை. கோயில் திருவிழாவில் யானையைப் பார்த்து என் முந்தானைக்குள் ஒளிந்த பிள்ளை. எந்த நாளில், எந்த இடத்தில் இவள் இந்த அளவுக்கு வளர்ந்தாள்? ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

பெஞ்சுக்குத் திரும்பி வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லபடியா முடியும்மா. லேடி டாக்டருங்க எல்லாம் பாப்பாங்க." யார் என்று சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய பயமும் என் கணக்கில் வந்து சேர்ந்துவிடும் போல இருந்தது.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. மறுபடி கதவு திறந்தது. பச்சை உடையில் என் மகள் வந்தாள். நெற்றியில் தொப்பியின் தடம் பதிந்திருந்தது. நேராக அந்தப் பெண்ணிடம் வந்தாள். எதிரிலேயே நான் இருந்தேன், அவள் கண்ணில் நான் படவில்லை.

"நல்லா இருக்காரும்மா. நாந்தான் பண்ணேன். சாயங்காலம் கஞ்சி குடுக்கலாம். இரும வேண்டியிருந்தா தையல் மேல கை வெச்சு அழுத்திக்கினு இருமச் சொல்லுங்க."

அந்தப் பெண் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நீயா கண்ணு? நீயேவா?"

"நானேதான்."

பின்னாலிருந்து பெரிய டாக்டர் குரல் கொடுத்தார். "தோலைத் தைக்க இவ்ளோ நேரமா? கோலமா போட்டுட்டிருந்த? அடுத்த கேஸை யாரு பாக்கறது, நானா? போ உள்ள!"

அவ்வளவு சந்தோஷமாக யாரும் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. "சாரி சார்," என்றாள், பல் தெரிய. ஓட்டமாக உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

அடுத்த கேசுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நர்ஸிடம் கேட்டேன். இரண்டு மணி நேரம் ஆகலாம் என்றாள். துணிப்பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். பயமும் மறுபடி வந்துவிட்டது. உட்காரட்டும் என்று அதற்கும் கொஞ்சம் இடம் விட்டேன்.